ஞானஸ்நானம், சுருள் இரண்டு

உறைமேல் அப்படித்தான் எழுதியிருந்தது.
ரெசிஃபியிலிருந்து தபாலில் வந்தது.
அனுப்பியவர்: லிண்டால்வா, பேக்கரிக்கு மேல்மாடி.

சாவோ பாவ்லோ ஆய்வகத்தில் எனக்கு இரவு வேலை.
பிறந்தநாள், கடற்கரை, கல்யாணம்,
எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் வந்து குவியும் குடும்பங்களை
ஒருவர் வாலை இன்னொருவர் தலையில் ஒட்டி
ஒரே நீளப் பாம்பாக்கி ரசாயனத்தில் இறக்குவேன்.
விடிவதற்குள் வெட்டிப் பிரித்து
அவரவரை அவரவர் சுருளில் சுற்றிவிட வேண்டும்.
மாப்பிள்ளை மாறிப்போனால் சம்பளத்தில் பிடிப்பு.

இந்த ஞானஸ்நானத்தில் குழந்தை இல்லை.
பாதிரியார் உண்டு, ஆனால் பெண்;
அங்கி ஒரு மேசைவிரிப்பு, ஓரத்தில் எண்ணெய்க் கறை.
தொட்டியில் கழுத்தளவு நீரில் இன்னொருத்தி.
கேமராவைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுழற்றியிருந்தார்கள்:
கூரை, தொட்டி, ஜன்னல், தொட்டி,
மாம்பழம் கடிக்கும் வாய்,
தொட்டி.
எதற்கென்று புரியவில்லை.
நான் சினிமா படித்தவள் இல்லை,
நிறம் சரியா என்று பார்ப்பவள்.

பிறகு கயிறு நின்றது.
பாதிரியார் குனிந்தாள்.
நீரிலிருந்தவள் எழும்பினாள்.

'ஆபாசம்' என்ற முத்திரை இடது இழுப்பறையில் இருந்தது.
அது விழுந்தால் உறை மூன்றாம் மாடிக்குப் போகும்,
அங்கிருந்து முகவரியோடு வேறெங்கோ.
எழுபத்து மூன்றாம் வருடம் அது.
வேறெங்கோ என்பது எங்கே என்று
யாரும் யாரையும் கேட்காத காலம்.

முத்திரையை நான் எடுக்கவில்லை.
கத்தரியை எடுத்தேன்.

பதினொரு ஃபிரேம். அரை நொடிக்குச் சற்று மேல்.
முனைகளைச் சேர்த்து ஒட்டினேன்; பழகிய கை, தடம் தெரியாது.
அந்தப் பெண்களைக் காப்பாற்றத்தான் என்று
பேருந்தில் வீடு வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.
பொய்.
மேற்பார்வையாளர் அன்று விடுப்பு.
எனக்கு அது வேண்டியிருந்தது.

அடால்ஜிசோ பந்தாட்டம் பார்க்கப் போகும் ஞாயிறுகளில்
ஊசி டப்பாவைத் திறப்பேன்.
ஒவ்வொன்றும் ஒரு துவரை மணி அளவு.
முதலாவதில் இடைவெளி இருக்கிறது,
ஆறாவதில் இல்லை,
பதினொன்றில் மறுபடி கொஞ்சம், அதில் ஒரு சொட்டு நீர்.
ஓட்டிப் பார்க்கக் கருவி ஏது?
குளியலறை பல்புக்கு நேரே இழுத்துப் பிடித்துக்
கண்ணை வேகமாக நகர்த்துவேன்.
அப்படித்தான் நடந்தது அந்த முத்தம்,
இருபத்து மூன்று வருடம், மாதத்தில் இரண்டு முறை.

போன வாரம் ஒரு பழைய டயர் கிடங்கில் போட்டார்கள்.
முப்பது நாற்காலி, ஒரு படுக்கை விரிப்பு.
கயிறு நின்றது, பாதிரியார் குனிந்தாள்,
சட்டென்று வெறும் ஜன்னல்.
வட்டக் கண்ணாடி போட்ட பையன் எழுந்து பேசினான்:
இந்த வெட்டுதான் படத்தின் இதயம்,
காட்ட மறுப்பதே இங்கே காட்டுவது.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

பின்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல்:
"நான் வெட்டவில்லை, தம்பி. தபாலில் வந்ததே அப்படித்தான்.
எவனோ ஒரு போலீஸ்காரனின் கை.
கேமராவைப் பிடிக்கக்கூட மூன்றாவது ஆள் இல்லை எங்களுக்கு.
மிச்சம் இருந்தது ஒரே சுருள்.
இவானில்டே சம்மதித்ததும்
அந்த ஒரே தடவைதான்."

வாசலில் அவள் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள்.
கொடுத்தேன்.
"போலீஸ்காரன் இல்லை" என்றேன்.
அதற்கு மேல் வாய் வரவில்லை. டப்பாவைத் திறந்தேன்:
பொத்தான், குண்டூசி, அடியில் அது.
நிறம் இறங்கியிருந்தது,
தண்ணீர்கூட இப்போது செம்மண் சாயல்.

அவள் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவேயில்லை.
சிகரெட்டைக் காலடியில் போட்டுத்
தெருவிளக்குப் பக்கமாக ஒரு முனையைப் பிடித்து உயர்த்தினாள்.

மறுமுனையை
நான் விட்டிருக்க வேண்டும்.
விடவில்லை.